கொல்கத்தா: மணியோசை ஓய்வதற்குள்

அவசரக்காரர்களுக்கு ஏற்ற நகரமல்ல கொல்கத்தா. விக்டோரியா நினைவகம், காளிகாட், ஹவுரா பாலம் என்று ஒரே நாளில் பட்டியலை முடிப்பவர்கள் களைப்போடுதான் ஊர் திரும்புகிறார்கள். குறைந்தது மூன்று நாட்கள் ஒதுக்கினால்தான் இந்த நகரம் பிடிபடும். அதிலும் சிலவற்றைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் டிராம். 1873ல் குதிரைகள் இழுத்து, 1902ல் மின்சாரத்துக்கு மாறிய வண்டி இது. சென்னை 1953லும் மும்பை 1964லும் கைவிட்ட டிராம் இந்தியாவில் கொல்கத்தாவில் மட்டுமே தப்பியது. ஆனால் எஸ்பிளனேடு - மைதான் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்பது அரசுத் தரப்பு வாதம். புகையில்லாத, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் வாகனத்தை ஒழித்துவிட்டுக் கார்களுக்கு வழிவிடுவதா என்பது டிராம் பிரியர்களின் கேள்வி. எந்தத் தடம் ஓடுகிறது என்பதை எஸ்பிளனேடு டிப்போவில் விசாரித்துவிட்டு ஏறுவது புத்திசாலித்தனம்.

அதே எஸ்பிளனேடில் பூமிக்கடியில் வேறு யுகம். நாட்டின் முதல் மெட்ரோ ரயில் 1984ல் இங்கிருந்துதான் பவானிபூருக்குப் புறப்பட்டது. 2024 மார்ச்சிலிருந்து ஹூக்ளி நதிக்கு அடியிலும் ரயில் ஓடுகிறது. ஹவுராவில் இறங்குபவர்கள் நெரிசலில் சிக்காமல் நகருக்குள் வர இதுவே சுலப வழி. ஆனால் ஒரு தடவையாவது படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். 1943ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின் பிரம்மாண்டம் தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் புரியும். பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போவது நல்லது.

வடக்கே குமார்துலியில் குறுகிய சந்துகளில் மூங்கிலும் வைக்கோலும் களிமண்ணும் துர்க்கையாக உருவெடுக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் முடிவடையாத தேவிகளை வரிசையாகக் காணலாம். கைவினைஞர்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேட்பது மரியாதை. 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற துர்கா பூஜையின்போது செல்பவர்கள் ஓட்டல் அறையை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். கூட்டம் ஆகாதவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையே உகந்த காலம்.

ராணி ராஸ்மணி கட்டி 1855ல் குடமுழுக்கு கண்ட தட்சிணேஸ்வரம் கோயிலுக்கு 2021 முதல் மெட்ரோவிலேயே போகலாம். அங்கிருந்து பேலூர் மடத்துக்குப் படகு உண்டு. நண்பகலில் இரண்டு இடங்களிலும் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலேயே கிளம்ப வேண்டும். விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்களுக்கும் 1814ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. புத்தகப் பிரியர்களின் சொர்க்கமான கல்லூரித் தெரு ஞாயிறன்று பெரும்பாலும் தூங்கிவிடும். மற்ற நாட்களில் அங்கே பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு காபி ஹவுஸ் மாடியில் உட்கார்ந்தால், பக்கத்து மேஜை விவாதம் இலவசம்.

சைவ உணவுக்காரர்கள் 'நிராமிஷ்' என்ற வங்காளச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்வது அவசியம். பருப்பில்கூட மீன் தலை போடும் ஊர் இது. இட்லிக்கு ஏங்குபவர்களுக்கு, தமிழர்கள் பல தலைமுறைகளாக வசிக்கும் தெற்கு கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதி கைகொடுக்கும். மண் கலயத்தில் உறைந்த மிஷ்டி தோய், குளிர்காலத்தில் புதிய ஈச்சவெல்லம் சேர்த்த சந்தேஷ் இரண்டையும் தவறவிடக் கூடாது.

ஆட்டோக்கள் இங்கே குறிப்பிட்ட தடத்தில்தான் ஓடும். முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொண்டுதான் போக வேண்டும். மஞ்சள் அம்பாசிடர் டாக்சிகளும் ஆயுள் முடிந்து ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. புதியன அனைத்தும் இந்த நகரத்துக்கு வேகமாக வந்துகொண்டிருக்கின்றன. அவை நாளைக்கும் இருக்கும். மணியடித்தபடி ஊர்ந்துபோகும் அந்த டிராமுக்கு அப்படி யாரும் உத்தரவாதம் தர முடியாது. முதல் நாள் நிகழ்ச்சிநிரலில் அதற்கே முதலிடம்.