புகைக்குழாயின் மறுமுனை

மோட்டார் வண்டிகள் பற்றிய எமது உரையாடல்கள் பெரும்பாலும் வண்டியின் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன. எஞ்சினின் வலு, விளக்குகளின் அழகு, ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் என்பன பற்றி மணிக்கணக்காகப் பேசுவோர்கூட, எரிந்தவை வெளியேறும் குழாயைப் பற்றி அது உடைந்து சத்தமிடும்வரை எண்ணிப்பார்ப்பதில்லை. ஆயினும் எஞ்சினுக்குள் சென்ற ஒவ்வொரு துளி டீசலும் ஏதோவோர் உருவில் அக்குழாய் வழியாகவே உலகுக்குத் திரும்பி வருகின்றது. அதனை மாற்றியமைக்க முனைபவர் தமது வண்டியை மட்டுமன்றிப் பிறர் சுவாசிக்கும் காற்றையும் மாற்றியமைக்கின்றார். எனது அத்தானின் டீசல் காருக்குப் புதிய புகைக்குழாய் பூட்டிய மூன்று வாரங்களில் இது எனக்குத் தெளிவாகியது.

அத்தான் கண்டியில் வாடகைக்குக் கார் ஓட்டுபவர். யப்பானில் சில ஆண்டுகள் ஓடி, பின்னர் இலங்கைக்கு இறக்குமதியான டர்போ டீசல் கார் அவருடையது. நான்கு பிரயாணிகளையும் அவர்தம் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது, அக்கார் மூன்றாம் கியரில் மூச்சுத்திணறி இரண்டாம் கியருக்கு இறங்கிவிடும். பின்னால் கரும்புகை ஒரு திரைபோல எழும். சைலன்சர் துருப்பிடித்து இருமுறை ஒட்டுப்போடப்பட்டிருந்தது. ஒட்டுப்போட்டது போதும், இம்முறை முழுக்குழாயையும் மாற்றிப் பெரிய விட்டத்தில் பூட்டுவோம் என்று அவர் தீர்மானித்தார். அவர் என்னை உடனழைத்துச் சென்றது நான் இரசாயனவியல் படித்தவன் என்பதனாலன்று. வேலை முடியும்வரை பேச்சுத்துணைக்கு ஒருவர் வேண்டும் என்பதனாலேயே.

டீசல் எஞ்சினின் புகைக்குழாயை விளங்கிக்கொள்ள அதன் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும். ஜேர்மனியரான றுடோல்ப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக்காட்டிய இவ்வெஞ்சின், 1936இல் மேர்சிடிஸ் பென்ஸ் 260டி என்னும் வண்டியின் மூலம் பிரயாணிகள் காருக்குள் புகுந்தது. பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ மாறா விகிதத்தில் உட்செல்கின்றன. டீசல் எஞ்சினோ காற்றைத் தடையின்றி உள்ளிழுத்து அமுக்குகின்றது. அவ்வாறு அமுங்கிச் சூடேறிய காற்றில் டீசல் விசிறப்படும்போது அது தானாகவே தீப்பற்றுகின்றது. சாரதி மிதியை அழுத்தும்போது கூடுவது எரிபொருளின் அளவு மாத்திரமே. இருக்கும் காற்று எரிக்கக்கூடிய அளவுக்கு மேல் எரிபொருள் சென்றால், எரியாது எஞ்சிய காபன் கரும்புகையாக வெளிவரும். ஆகவே கரும்புகை என்பது பலரும் நினைப்பதுபோல் வலுவின் அடையாளமன்று. பணங்கொடுத்து வாங்கிய எரிபொருள் எரியாமல் போவதன் அடையாளம்.

டர்போ இக்காற்றுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த கருவி. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி 1905இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். டீசல் காரில் அது விற்பனைக்கு வந்ததோ 1978இல், மேர்சிடிஸ் 300எஸ்டி என்னும் வண்டியிலேயே. வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சில்லைச் சுழற்ற, அதே அச்சிலுள்ள மறுசில்லு புதிய காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகின்றது. இச்சில்லுகள் நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்களுக்கு மேலும் சுழல்வன. முதற் சில்லுக்கு முன்னுள்ள அமுக்கத்துக்கும் அதன் பின்னுள்ள அமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாடே அதனைச் சுழற்றுவது. எனவே டர்போவுக்குப் பின்னுள்ள குழாய் அடைபட்டிருப்பின் அவ்வேறுபாடு குறையும், சில்லு மந்தமாகச் சுழலும், காற்றுக் குறையும், புகை கூடும். டர்போ இல்லாத டீசல் காருக்குப் பெரிய குழாய் பூட்டுவதால் சத்தம் கூடுவதன்றி வேறு பயன் அதிகமில்லை. டர்போ உள்ள காருக்கு அதனால் உண்மையான பயனுண்டு. அத்தானின் எண்ணம் அடிப்படையிற் பிழையானதன்று.

நாங்கள் முதலிற் சென்றது குழாய் வளைத்து ஒட்டும் ஒரு வேலைத்தளத்துக்கு. அங்கிருந்த இளைஞர் காருக்கு அடியிற் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, டர்போவுக்குச் சற்றுப் பின்னாலிருந்த உருக்குப் பெட்டியைச் சுட்டிக்காட்டினார்.

"இதைக் கழற்றித் தாங்க அண்ணே. பைப் செலவு முழுக்க அதிலேயே வந்திடும். வண்டியும் பறக்கும்."

அப்பெட்டிதான் ஊக்கிப் பெட்டி. அதனுள்ளே தேன்கூடு போன்ற துவாரங்களையுடைய ஒரு கட்டியின்மேல் பிளாற்றினம் மிக மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும், புகைத்துணிக்கைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பதார்த்தங்களிற் பெரும்பகுதியையும் அது ஒட்சியேற்றிவிடுகின்றது. அப்பிளாற்றினத்துக்காகவே பழைய பெட்டிகளை வாங்குவோர் ஊர்கள்தோறும் உள்ளனர். அவ்விளைஞர் கூறிய தொகை அத்தானுடைய ஒருமாத உழைப்புக்குச் சற்றே குறைவானது. அத்தான் ஒன்றும் பேசாது என்னைப் பார்த்தார். எனது மருமகளுக்கு, அதாவது அவரது மகளுக்கு, தொய்வு வருத்தம் உண்டு. அவர்களது வீடு பேராதனை வீதியோரம் உள்ளது; இரவில் அவள் மூச்சிழுக்கும் ஒலியைக் கேட்டு விழித்திருந்த வீடு அது. ஆனால் அவளது மருந்துக்கும் ரியூசனுக்கும் பணம் வருவதும் அந்தக் காரிலிருந்துதான். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நெஞ்சில் வைத்திருக்கும் மனிதரிடம் சுற்றாடலைப் பற்றிப் பேருரை நிகழ்த்த எனக்கு மனம் வரவில்லை.

"இன்னொருவரையும் கேட்போம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த இன்னொருவர் அத்தானின் தந்தையார் காலத்திலிருந்தே அவர்களது வண்டிகளைப் பார்த்துவரும் முதிய மெக்கானிக். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்டவர்.

"அண்ணை, அந்தப் பெட்டியைக் கழற்றினால் இழுவை கூடுமோ?" என்று அத்தான் கேட்டார்.

"கூடுமோ எண்டு கேக்காதையும் தம்பி. எவ்வளவு கூடும் எண்டு கேளும். அளந்து பாக்காமல் நான் சொல்லமாட்டன்."

அவர் அளந்து காட்டிய விதம் எந்த ஆய்வுகூடத்துக்கும் ஏற்றது. ஊக்கிப் பெட்டிக்கு முன்னும் பின்னுமாகக் குழாயில் இரு சிறு துளைகளையிட்டு, செப்புக் குழாய்களைப் பொருத்தி, அவற்றை ஓர் அமுக்கமானியுடன் மாறிமாறி இணைத்தார். பின்னர் நாங்கள் மூவரும் காரில் ஏறி ஓர் ஏற்றத்தில் மிதியை முழுவதும் அழுத்தி ஓட்டினோம். பெட்டிக்கு முன்னே சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 இறாத்தல் அமுக்கம். பெட்டிக்குப் பின்னே 5 இறாத்தல். அதாவது, பழிசுமத்தப்பட்ட பெட்டி தடுத்தது 1 இறாத்தல் மாத்திரமே. எஞ்சிய 5 இறாத்தலும் அதற்குப் பின்னுள்ள ஒட்டுக்களிலும் நெளிவுகளிலும் காபன் படிந்த சைலன்சரிலும் இருந்தன. பழைய சைலன்சரை வெட்டிப் பார்த்தபோது உட்தகடொன்று உடைந்து வழியைப் பாதி மறைத்துக் கிடந்தது. விற்பனைக்குரிய பொருளாக இருந்தமையாலேயே பெட்டி குற்றவாளியாயிற்று. விற்பனைக்கு உதவாத துருப்பிடித்த சைலன்சரை எவரும் சந்தேகிக்கவில்லை.

அதன்பின் வேலை தெளிவாயிற்று. ஊக்கிப் பெட்டி இருந்தவிடத்திலேயே இருக்க, அதற்குப் பின்னுள்ள ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய்க்குப் பதிலாக இரண்டேகால் அங்குலக் குழாய் இடப்பட்டது. அரை அங்குலந்தானே என்று தோன்றலாம். ஆனால் விட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறுக்குப் பரப்பு மாறுவதால், வாயு செல்லும் வழி ஏறத்தாழ 65 வீதம் அகன்றுவிட்டது. வளைவுகளில் குழாய் நசுங்கினால் இந்த ஆதாயம் வீணாகும் என்பதனால், குழாயினுள் மணலை இறுக நிரப்பிச் சூடாக்கி வளைத்தனர். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து, குளிர்ந்த குழாயிற் படியும் நீராவியுடன் சேர்ந்து அமிலமாகிச் சைலன்சரை உள்ளிருந்தே அரிக்கும். எனவே சைலன்சரின் மிகத் தாழ்ந்த புள்ளியில் நீர் வடிய ஒரு சிறு துளை விடப்பட்டது. துருவேறா உருக்கு அத்தானின் கைக்கு எட்டாதது. அலுமினியம் பூசிய உருக்கே வாங்கினோம்.

குழாய் முடிந்ததும் முதியவர் கேட்காமலேயே மற்றொரு வேலையைத் தொடங்கினார். காற்று வடியை மாற்றி, நொசில்களைக் கழற்றிச் சோதித்தார்; நான்கில் இரண்டு டீசலை விசிறாது சொட்டின. எரிபொருள்ப் பம்பின் அளவுத் திருகை யாரோ முன்னர் கூட்டி வைத்திருந்தனர். இழுவை போதாத காருக்கு எம்மவர் முதலிற் செய்யும் வைத்தியம் அதுதான். அதனைப் பழைய நிலைக்குத் திருப்பினார். அடுத்த முறை கடுகண்ணாவையில் அக்கார் மூன்றாம் கியரிலேயே பெரும்பகுதியும் ஏறியது. பறந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்கண்ணாடியிற் கரும்புகைத் திரை இல்லை. பெட்டிக்கு முன்னுள்ள அமுக்கம் இரண்டரை இறாத்தலாகக் குறைந்திருந்தது.

இவ்விடத்து இன்னொன்றையும் சொல்லவேண்டும். இலங்கையில் 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை அறிமுகப்படுத்தப்பட்டது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு அச்சான்றிதழ் அவசியம். நின்ற நிலையில் டீசல் எஞ்சினை விரைவுபடுத்தி, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கின்றது என அளப்பர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பரிசோதனைக்கு முதல்நாள் திருகைக் குறைத்து, சான்றிதழ் கிடைத்த மறுநாள் மீண்டும் கூட்டிவிடும் வழக்கத்தை அறியாத சாரதிகள் குறைவு. இது வறிய நாடுகளுக்கே உரிய தந்திரமென எண்ணிவிடலாகாது. வோக்ஸ்வாகன் நிறுவனம் இதே தந்திரத்தைக் கணினி நிரலாக எழுதித் தனது டீசல் கார்களில் வைத்திருந்தமை 2015 செப்ரெம்பரில் வெளியாயிற்று. சோதனைச் சாலையில் இருப்பதை உணர்ந்த கார் நைதரசன் ஒட்சைட்டுக்களைக் கட்டுப்படுத்தியது. வீதிக்கு வந்ததும் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்நிரல் இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. எமது சாரதியின் கையில் ஒரு திருகாணி. அங்கு பொறியியலாளரின் கையில் ஒரு நிரல். பரிசோதனையை வெல்வதே இருவரது நோக்கமும்.

டீசல் புகை மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. புகையின் நுண்துணிக்கைகள் கண்ணுக்குத் தெரியும் கரியைவிட மிகச் சிறியவை; நுரையீரலின் ஆழம்வரை செல்வன. கண்டியோ மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் அமைந்த நகரம். காற்று அசையாத காலைகளில் வீதியில் விடப்பட்ட புகை வீதியிலேயே நிற்கும். கண்ணாடிகளை ஏற்றிக் குளிரூட்டியை இயக்கிச் செல்பவரை விட, கலஹாச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் மாணவரும், வீதியோரம் மரக்கறி விற்கும் பெண்ணும், ஓட்டோச் சாரதியும் அப்புகையை நெடுநேரம் சுவாசிக்கின்றனர். வலு ஒருவருக்கும் நஞ்சு இன்னொருவருக்கும் எனப் பங்கிடப்படுவது பொறியியற் பிரச்சினை மாத்திரமன்று. அது ஒரு சமூகப் பிரச்சினையுமாகும்.

ஆயினும் பெட்டியை விற்கும் சாரதியை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. இன்றைய புதிய டீசல் வண்டிகளில் வரும் துணிக்கை வடிகள் தம்முட் சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் எரித்துத் தூய்மையாகும் வகையில் ஆக்கப்பட்டவை. அதற்குக் கந்தகம் குறைந்த டீசலும், நின்று நின்று போகாத நெடும் ஓட்டமும் வேண்டும். நகர நெரிசலுள் ஊர்ந்து வடி அடைபட்டதும், புதியதன் விலையைக் கேட்டுத் திகைத்த உரிமையாளர் அதனை வெட்டியெறிய முனைகின்றார். நல்ல எரிபொருளும், நேர்மையான அளவீடும், அளந்து பார்க்கத் தெரிந்த தொழிலாளியும் இருந்தால் பலர் அவ்வழியை நாடமாட்டார்கள். பல்கலைக்கழகங்களிற் பயிலும் நாம் இவற்றுள் இறுதியானதற்கேனும் பங்களிக்க முடியும். இரு துளைகளும் ஓர் அமுக்கமானியும் ஒரு ஊக்கிப் பெட்டியைக் காப்பாற்றியதை நான் கண்டேன்.

மேம்படுத்துதல் என்ற சொல்லை இப்போது கேட்கும்போதெல்லாம், யாருக்கு என்ற கேள்வி என்னுள் எழுகின்றது. காரின் உள்ளிருப்பவருக்கு இழுவையும், பின்னால் நடந்து வருபவருக்குத் தூய காற்றும் ஒருங்கே கிடைக்குமாயின் அது மேம்பாடு. முன்னையது மட்டும் கிடைத்து, அதற்கான விலையை முகமறியாத ஒருவரின் நுரையீரல் செலுத்துமாயின் அதற்கு வேறு பெயர்தான் இடவேண்டும். அத்தான் இந்தச் சொற்களில் இதனைச் சொல்லமாட்டார். பெட்டிக்கு விலைபேசி அந்த இளைஞர் மீண்டும் தொலைபேசியில் அழைத்தபோது, "அது வண்டியோடை இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.