உருவம் ஒன்று, புள்ளி வேறு



மத்ரஸாவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று, பா, தா, ஸா ஆகிய மூன்று எழுத்துகளுக்கும் உருவம் ஒன்றே என்பது. கீழே ஒரு புள்ளி இட்டால் பா. மேலே இரண்டு இட்டால் தா, மூன்று இட்டால் ஸா. புள்ளியைப் பாராமல் உருவத்தை மட்டும் பார்த்து ஓதினால் பொருளே மாறிவிடும். இப்பாடம் மின்கருவிகளுக்கும் பொருந்தும் என்பதைக் கடந்த ஷஃபான் மாதத்தில் நேரில் கண்டோம். பயனுடையதாகலாம் என்பதால் அதனை இங்கே எழுதுகிறோம்.

நமக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த உஸ்தாத் அவர்கள், முதுகெலும்பு நோயினால் நீண்ட நாள்களாகப் படுக்கையில் இருக்கிறார்கள். மல்லாந்து படுத்த நிலையில் முஸ்ஹஃபைக் கையில் ஏந்தி ஓத அவர்களால் இயலவில்லை. மனனம் செய்த ஒருவருக்குப் பார்த்து ஓதுவது ஏன் தேவை என்று சிலர் கேட்கலாம். மீண்டும் மீண்டும் பார்த்து உறுதிப்படுத்தாத மனனம் நழுவிவிடும் என்பதை ஹாஃபிழ்கள் அறிவார்கள். "தம்பி, இந்த ரமலானுக்குள் கத்மு முடிக்காமல் போய்விடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது" என்று அவர்கள் கூறியபோது நம்மிடம் மறுமொழி இல்லை.

வளைகுடாவில் பணிபுரியும் அவர்களுடைய மகன் விடுமுறையில் வந்தபோது, அணிந்துகொள்ளும் திரைக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போன்றே காதில் மாட்டிக்கொள்ளலாம். அதன் வடத்தைத் தம் கைபேசியில் செருகியதும், கண்ணெதிரே பெரிய திரை தோன்றியது. படுத்தபடியே ஓதுவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. ஆனால் அவர் கைபேசியோடு திரும்பிச் சென்ற பின்னர், வீட்டிலிருந்த எந்தக் கைபேசிக்கும் காட்சியை வெளியே அனுப்பும் வசதி இல்லை என்பது தெரியவந்தது.

பொறியியல் பயிலும் பேரன் தன் கல்லூரிச் செயல்திட்டத்துக்கு வாங்கியிருந்த ராஸ்பெரி பை 4 என்னும் உள்ளங்கை அளவுக் கணினியைக் கொண்டுவந்தார். அதிலும் டைப்-சி வாய் இருந்தது. கண்ணாடியின் வடத்தை அதில் செருகினார். இருள். வேறு வடம் மாற்றினார். அப்போதும் இருள். "ஹஜ்ரத், கண்ணாடி பழுதாகிவிட்டது போலிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார்.

தீர விசாரித்துத் தெளியாமல் எவர்மீதும் பழி சுமத்தலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். கருவிக்கும் அதே நீதியை வழங்கலாமே என்று எண்ணினோம். அண்டை வீட்டாரின் கைபேசி ஒன்றில் கண்ணாடியை இணைத்தோம். படம் வந்தது. ஆகவே கண்ணாடியும் அதன் வடமும் குற்றமற்றவை. பின்னர் கணினியைக் கூடத்திலிருந்த தொலைக்காட்சியுடன் எச்டிஎம்ஐ வடத்தால் இணைத்தோம். அங்கும் படம் வந்தது. ஆகவே கணினியும் குற்றமற்றது. இரண்டும் நலம் என்றால், குறை இரண்டுக்கும் இடைப்பட்ட இணைப்பில்தான் இருக்க வேண்டும்.

எழுத்துகளைப் பற்றி மேலே கூறியது இங்கேதான் பொருந்துகிறது. டைப்-சி என்பது வாயின் உருவத்துக்கு உரிய பெயர். அதன் வழியே என்ன செல்லும் என்பதை அப்பெயர் சொல்வதில்லை. கண்ணாடி எதிர்பார்ப்பது டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு என்னும் முறையில் வரும் காட்சி. ராஸ்பெரி பை 4-இன் டைப்-சி வாயோ மின்சாரம் பெறுவதற்காக அமைக்கப்பட்டது. தரவும் அதில் செல்லும், காட்சி செல்லாது. காட்சிக்கென்று பக்கத்திலேயே இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ வாய்கள் தரப்பட்டுள்ளன.

பேரன் கடைக்குச் சென்று, டைப்-சி, எச்டிஎம்ஐ இரண்டும் கொண்ட மாற்றி ஒன்றை வாங்கி வந்தார். மீண்டும் இருள். அது மடிக்கணினியின் டைப்-சி வாயிலிருந்து தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ வாய்க்குக் காட்சியைக் கொண்டுசெல்வது. அத்தகைய மாற்றிகள் ஒருவழிப் பாதை போன்றவை. திருப்பிச் செருகினால் வேலை செய்யா. நமக்குத் தேவைப்பட்டது, எச்டிஎம்ஐ வழியே உள்வாங்கி டைப்-சி வழியே வெளியிடும் மாற்றி. அது தேடிக் கிடைக்க ஒரு வாரமாயிற்று.

அதனை இணைத்ததும் படம் தோன்றியது, ஆனால் விட்டு விட்டு அணைந்தது. காரணம் மின்சாரம். எச்டிஎம்ஐ வாய் 5 வோல்ட்டில் மிகச் சிறிதளவு மின்னோட்டமே தரும். அதன் தரவரையறை கோருவதே 55 மில்லி ஆம்பியர்தான். கண்ணாடிக்கு அது போதாது என்பதால் மாற்றிக்குத் தனி மின்சாரம் வேண்டும். பேரன் அதனைக் கணினியின் யூஎஸ்பி வாயிலிருந்து எடுத்திருந்தார். அந்நான்கு வாய்களும் சேர்ந்தே தரக்கூடியது 1.2 ஆம்பியர். மாற்றிக்குத் தனிச் சார்ஜர் கொடுத்ததும் படம் நிலைத்தது.

மறுநாள் கணினியை இயக்கியபோது மறுபடியும் இருள். கணினி விழிக்கும் வேளையில் தன்னுடன் திரை இணைந்துள்ளதா என்று பார்க்கும். அப்போது மாற்றி உறங்கிக்கொண்டிருந்தால், திரை இல்லையென்றே முடிவு செய்துவிடலாம். எனவே கண்ணாடியையும் மாற்றியையும் முதலில் உயிர்ப்பித்து, கணினியைக் கடைசியில் இயக்கினோம். மின்வாய்க்கு அருகிலுள்ள முதல் எச்டிஎம்ஐ வாயையே பயன்படுத்தினோம். திரை இருப்பதாகவே கொண்டு 1920 × 1080 அளவில், நொடிக்கு 60 முறை காட்சி அனுப்புமாறு தொடக்கக் கோப்பில் பேரன் எழுதிவைத்தார். அதன்பின் அந்தக் குறை வரவில்லை.

இறுதியாக உஸ்தாத் அவர்களுக்கு அணிவித்தோம். "எழுத்தெல்லாம் பனி மூடியது போல் இருக்கிறது" என்றார்கள். இம்முறை வடத்தில் குறையில்லை. அவர்கள் வாசிப்புக் கண்ணாடியின் மேல் இதனை அணிந்திருந்தார்கள். இத்தகைய திரை கண்ணுக்கு அருகில் இருந்தாலும், அதன் பிம்பம் சில மீட்டர் தொலைவில் இருப்பது போலவே கண்ணுக்குத் தோன்றும். அருகில் பார்ப்பதற்கான கண்ணாடி அங்கே உதவாது. அதனைக் கழற்றியதும், "இப்போது தெரிகிறது" என்றார்கள்.

ஹாஃபிழின் நினைவில் வசனம் மட்டுமின்றி, பக்கத்தில் அது அமைந்துள்ள இடமும் பதிந்திருக்கும். ஆதலால் அவர்கள் மனனம் செய்த அதே 15 வரி முஸ்ஹஃபின் பக்கங்களையே படமாகக் காட்டினோம். முழுப் பக்கம் சிறிதாகத் தெரிந்ததால், மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே வருமாறு அமைத்தோம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அவர்களுக்குக் கூசவில்லை. பக்கம் புரட்ட, விரலால் அழுத்தும் சிறு பொத்தான் ஒன்று கையில் உண்டு. இருபது நிமிடம் ஓதினால் கண் களைத்துவிடுகிறது. சற்று ஓய்ந்து மீண்டும் ஓதுகிறார்கள். ரமலானின் 27ஆம் நாள் கத்மு நிறைவுற்றது, அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்து, இத்தகைய கருவியை வாங்க எண்ணுவோர் மூன்றைக் கேட்டறியுங்கள். கைபேசியானாலும் கணினியானாலும், அதன் டைப்-சி வாய் காட்சியை வெளியே அனுப்புமா? மாற்றி தேவையெனில், அது எந்தத் திசையில் இயங்குவது? அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே பணம் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கியது இருண்டு நின்றால், ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதியுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் குறை எதில் இருந்தது என்பது தெரியாமலே போகும்.

நமக்கு ஓதிக்கொடுத்தவர்களின் நாவு இறுதிவரை ஓதிக்கொண்டிருக்கவும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் நாம் சலிப்படையாதிருக்கவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.