மழையும் உவமையும்

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். தமிழ் படித்தார்க்கு மழை என்றதும் உள்ளம் குளிர்வதற்கு அந்த வைப்புமுறையும் ஒரு காரணம் எனலாம். உழவைத் தலையாய தொழிலாகக் கொண்ட மக்களுக்கு வானம் வழங்குவதே வாழ்வு. பாலஸ்தீன நாட்டு உழவர்க்கும் இதே நிலைதான். அங்கே வேனிற்காலம் முழுவதும் வானம் வறண்டு கிடக்கும். அக்டோபர், நவம்பர்த் திங்களில் முதல் மழை விழுந்து மண் இளகினால்தான் ஏர் இறங்கும். வசந்த காலத்தில் கடைசி மழை விழுந்தால்தான் கதிர் மணி பிடிக்கும். இவ்விரண்டையும் தமிழ்த் திருமறை முன்மாரி, பின்மாரி என்று அழகுறப் பெயரிட்டு வழங்குகிறது. அந்நாட்டின் கலிலேயாப் பகுதியில் உழவர்க்கும் மீனவர்க்கும் நடுவே நின்று பேசிய இயேசு பெருமான், இறைவனின் அன்புக்கு வேலி இல்லை என்பதை விளக்க விரும்பியபோது, நல்லவர் நிலத்திலும் தீயவர் நிலத்திலும் ஒன்றுபோலப் பெய்யும் மழையைச் சுட்டிக் காட்டினார். கேட்டவர்க்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இதே பகுதியை 1960களில் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் உபதேசியார் ஒருவர் விளக்க நேர்ந்தது. அவர் வாரத்தில் ஆறு நாள் பால்மரம் வெட்டுபவர். நகரத்துப் போதகர் மாதத்திற்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில், தகரக் கூரை வேய்ந்த சிறு கோயிலில் வேதம் வாசித்துப் பொருள் சொல்லும் கடமை உபதேசியாருடையது. அந்த வாரத்தில் நான்கு நாள் விடியற்காலை மழை. நல்லார்க்கும் பொல்லார்க்கும் பெய்யும் மழையைப் பற்றி அவர் உருக்கமாகப் பேசி முடித்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து, "ரெண்டு பேருக்கும் மழை பெய்யுதுன்னு சொல்றது சரிதான் ஐயா. பெஞ்சா, ரெண்டு பேருக்கும் அன்னைக்குக் கூலி இல்லே," என்றார்.

கோயிலில் சிரிப்பு எழுந்தது. உபதேசியாரும் சிரித்தார் என்றே சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

பாட்டி சொன்னது முழுக்க முழுக்க உண்மை. பால்மரத்தின் பட்டையில் சாய்வாகச் சீவிய கோட்டின் வழியே பால் வழிந்து, தகரத்தாலான சிறு வாய்க்காலில் இறங்கி, மங்கில் சொட்ட வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நில்லாமல் மரமெங்கும் பரவி வீணாகும். மங்கிலோ மழைநீர் நிறையும். ஆகவே விடியலில் மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை என்பதே நெடுங்காலம் தோட்டத்து வழக்கமாக இருந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்பது தோட்டத் தொழிலாளர் பல்லாண்டுகளாக எழுப்பிய கோரிக்கை. அதன் அடியில் இந்த மழைநாள்களும் இருந்தன. வள்ளுவர்க்கு அமிழ்தமாகவும் கலிலேய உழவனுக்கு அருளாகவும் விளங்கிய மழை, பால்வெட்டுக்காரனுக்கு அடுப்பு எரியாத நாளாக வந்து நின்றது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும் நெறி. சொல்வதற்கு எளிய நெறி. ஆனால் எவருக்குத் தெரிந்தது என்ற கேள்வியை எழுப்பாமல் அதைப் பின்பற்றினால், பாடம் ஆசிரியருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கி ஆசிரியருக்குத் தெரிந்ததிலேயே முடிந்துவிடும். இயற்கையில் இறைவனின் பாடத்தைக் காண்போம் என்று எழுதுவோர் பலரும் இவ்விடத்தில்தான் வழுக்கி விழுகின்றனர். மலரைப் பார், தூய்மையைக் கற்றுக்கொள். எறும்பைப் பார், சுறுசுறுப்பைக் கற்றுக்கொள் என்று பட்டியல் இடுகின்றனர். அவர்கள் மலரையும் பார்ப்பதில்லை, எறும்பையும் பார்ப்பதில்லை. முன்னமே கையில் வைத்திருக்கும் அறவுரையை ஒட்டி வைக்க அவர்களுக்கு ஒரு சுவர் தேவைப்படுகிறது, அவ்வளவே.

வீரமாமுனிவர் இந்த இடரை முன்பே உணர்ந்தவர். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டிற்கு வந்து 1726இல் தேம்பாவணியை நிறைவுசெய்த அப்பெரியார், யூதேய நாட்டை வருணிக்கும்போது அதை நெல் விளையும் மருத நிலமாகவே ஆக்கிவிட்டார். தமிழர் கண்ணுக்குப் பழகிய வயலையும் நீர்வளத்தையும் காட்டினால்தான் திருக்குடும்பத்தின் கதை தமிழர் நெஞ்சில் இறங்கும் என்பது அவர் கணிப்பு. பேராக் தோட்டத்து உபதேசியாருக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. ரப்பர் பிரேசில் நாட்டுக் காட்டுமரம். அதன் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததும், அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டதும் 1877ஆம் ஆண்டில். திருமறையும் அறியாத மரம்; நம் ஐந்திணையும் அறியாத மரம். முதற்பொருள் கருப்பொருள் என்று இலக்கணம் வகுக்கப்படாத அந்த நிலத்திற்கு உவமைகளைத் தேடும் பணி, நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பால்வெட்டுக்காரர் தலையில் விழுந்தது.

அவர் செய்த மாற்றம் மிகச் சிறியது. அடுத்த ஞாயிறு முதல், வேதம் வாசிக்கும் முன்னர், "இந்த வாரம் காட்டில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கலானார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பின்னர் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினர். காட்டில் காய்கள் வெடித்து விதைகள் தெறிக்கும் ஓசையைப் பிள்ளைகள் சொன்னார்கள். விதைப்பவன் உவமைக்கு அது பயன்பட்டது. இருள் பிரியாத வேளையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் பெண்களுக்கு, காணாமற்போன ஒரு வெள்ளிக்காசைத் தேடி விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் கதை உடனே விளங்கிற்று.

எல்லாமே இவ்வாறு இசைந்துவிடவில்லை. கோதுமைக்குள் முளைத்த களையைப் பிடுங்காமல் அறுவடை வரையில் விட்டுவைக்கச் சொன்ன நிலக்கிழாரின் கதையை அவர் எடுத்தபோது, புல்வெட்டுக்காரர்கள் ஒப்பவேயில்லை. லாலான் புல்லை ஒரு பருவம் விட்டுவைத்தால் காடே அதன் கைக்குப் போய்விடும் என்றனர். மேலே எரித்தாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மீண்டும் தளிர்க்கும் புல் அது. உபதேசியார் அந்த மாதம் வந்த போதகரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து விளக்கினார். உவமையில் வரும் களை லாலான் அன்று. அது கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே தோற்றம் காட்டுவது. வேரும் வேரும் பின்னிக் கிடப்பதால், களையை இழுத்தால் பயிரும் உடன் வந்துவிடும். அதைக் கேட்ட பிறகே, தஞ்சைப் பக்கத்தில் இளமையில் நடவு செய்திருந்த முதியவர் ஒருவர், நெற்பயிரோடு பயிராக நின்று ஏமாற்றும் புல்லைத் தாமும் கண்டிருப்பதாகத் தலையசைத்தார். மனிதரை நல்லவர், கெட்டவர் என்று அவசரப்பட்டுப் பிரிக்காதே என்னும் பொருள், அந்தப் புல்லின் இயல்பை அறியாதவரையில் சோம்பேறியின் சமாதானமாகவே ஒலித்திருக்கும்.

இவற்றையெல்லாம் விடக் கடுமையான சோதனை அறுப்பின் பண்டிகையன்று வந்தது. அறுவடையே இல்லாத தோட்டத்தில் அந்தப் பண்டிகையைக் கொண்டாடுவது ஒரு வேடிக்கைதான். வாழைத்தாரும் மரவள்ளிக் கிழங்கும் கோழியும் காணிக்கையாக வரும். அவ்வாண்டு வெளியூரிலிருந்து வந்த சொற்பொழிவாளர் ஒருவர் பால்மரத்தையே உவமையாக எடுத்துக்கொண்டார். தன்னைக் கத்தியால் கீறுபவனுக்கே அம்மரம் பாலைத் தருகிறது. சிலுவையில் விலாவில் குத்துண்ட பெருமானும் அவ்வாறே தம்மை வருத்தியவர்க்கு அருள் பொழிந்தார். ஆகவே துன்பம் செய்வோர்க்கும் முணுமுணுக்காமல் பயன் தருவதே விசுவாசிக்கு அழகு என்றார். நல்ல குரல், நல்ல தமிழ். பலர் கண்கலங்கினர்.

முன்பு மழையைப் பற்றிக் கேட்ட அதே பாட்டி, கூட்டம் கலைந்த பிறகு உபதேசியாரிடம், "நாம யாரு ஐயா? வெட்டுற கையா, வெட்டுப்படுற மரமா?" என்று கேட்டார்.

விளையாட்டாகக் கேட்ட கேள்வி அன்று அது. அவ்வாண்டில் தோட்டத்து நிருவாகம் ஒவ்வொருவர்க்கும் நிரையில் மரங்களைக் கூட்டியிருந்தது. எதிர்த்துப் பேசிய இருவர்க்கு வேலை போயிருந்தது. அந்நிலையில் மரத்தின் பொறுமையைப் புகழ்ந்த சொற்பொழிவு, சொன்னவர் அறிந்தோ அறியாமலோ, நிருவாகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பெருமான் தம் உயிரைத் தாமே விரும்பிக் கொடுத்தார் என்பதே கிறித்துவ சமயத்தின் கொள்கை. பால்மரம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. கொடுப்பதும் எடுக்கப்படுவதும் வேறு வேறு என்பதை மறைக்கும் உவமை, எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், ஒரு குறையுடைய உவமையே ஆகும்.

உபதேசியார் போதகரை மறுத்து எதுவும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே மரத்தைத் தாமும் எடுத்துக்கொண்டார். ஆனால் மரத்தைப் பற்றிப் பேசாமல் கத்தியைப் பற்றிப் பேசினார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. மரம் பருப்பதும், சீவிய பட்டை மீண்டும் வளர்வதும் அதனாலேதான். பாலைக் கொண்ட குழாய்கள் அந்தப் படலத்தை நெருங்க நெருங்க மிகுதி. எனவே ஆழமாக வெட்டினால் பால் கூடும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்துக் கத்தி படலத்தைத் தொட்டுவிட்டால், மரத்தில் காயம் விழும். இன்றைக்குப் பால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, ஆறேழு ஆண்டுகள் கழித்து அங்கே மீண்டும் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாகக் கை நிற்க வேண்டும். பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்த காலத்தில் மரங்கள் பாழாயின; சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் ரிட்லி என்பார் 1890களில் மெல்லியதாகச் சீவும் முறையைக் கண்ட பின்னரே அது தோட்டத் தொழிலாக நிலைபெற்றது. ரிட்லியைப் பற்றி உபதேசியார்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் கையைப் பற்றி அவரைவிட நன்கறிந்தவர் எவர்?

பிறர் தோளில் பெருஞ்சுமையை ஏற்றிவிட்டு, தாம் ஒரு விரலாலும் அதைத் தொடாத தலைவர்களைப் பெருமான் கடிந்துரைத்த பகுதியை அன்று அவர் வாசித்தார். கத்தி பிடிப்பவர் அனைவர்க்கும் அப்பாடம் உரியது என்றார். பால் வெட்டுபவனுக்கும், மனைவியிடம் கை ஓங்குபவனுக்கும், கங்காணிக்கும், அவர்க்கு மேலுள்ளவர்க்கும் என்று வரிசையாகச் சொன்னார். கங்காணியார் முன்வரிசையில்தான் இருந்தார்.

அதன் பின்னர் ஒரு மழைநாள் காலை. வெட்டு இல்லை என்று தெரிந்து, வீட்டில் இருக்க மனமில்லாதவர்கள் கோயிலில் கூடினார்கள். உபதேசியார் திராட்சத் தோட்டத்து முதலாளியின் கதையை வாசித்தார். விடியலில் சிலரையும், பின்னர் வேளைக்கு வேளை சிலரையும், பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில் சிலரையும் வேலைக்கு அமர்த்திய முதலாளி, மாலையில் எல்லார்க்கும் ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுத்த கதை அது. இது கூலியைப் பற்றிய கதையே அன்று, இறையருளைப் பற்றியது என்று உரைகாரர் எழுதுவர். உண்மைதான். ஆயினும் ஒரு நாள் கூலி இல்லாவிட்டால் அன்றிரவு வீட்டில் என்ன நிகழும் என்பதை அறியாதவர்க்கு அந்த அருளின் எடை தெரிய வழியில்லை. அந்தக் கூட்டத்தில் அதை அறியாதவர் ஒருவரும் இல்லை.

கதை முடிந்ததும் வழக்குத் தொடங்கிற்று. கங்காணியார், "அப்படிக் கொடுத்தா நாளைக்கு எவன் விடியக்காலையிலே பெரட்டுக்கு வருவான்?" என்றார். இளைஞர் பலர்க்கும் அதுவே சரியென்று பட்டது. நாள் முழுதும் வெயிலில் நின்றவனும், ஒரு மணி நேரம் நின்றவனும் ஒன்றா? பாட்டி விடவில்லை. "அவன் வராதவன் இல்லே. காலையிலேருந்து சந்தையிலே நிக்கிறான், கூப்பிடத்தான் ஆள் இல்லே. அது அவன் குத்தமா? இன்னைக்கு மழை பெய்யுதே, அது உன் குத்தமா?" என்றார். உபதேசியார் தீர்ப்புச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு இரு தரப்பையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு மழை விட்டது. மரம் காயவில்லை, வெட்டு இல்லை என்று ஆபீஸ் பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

வழக்கு அன்றோடு ஓயவுமில்லை. மறுநாள் பெரட்டிலும், அதற்கு மறுநாள் குழாயடியிலும் அது தொடர்ந்தது. கிறித்துவர் அல்லாதாரும் கலந்துகொண்டனர். மாரியம்மன் கோயில் பூசாரியார் திராட்சத் தோட்டத்து முதலாளியின் பக்கம் நின்று வெகு நேரம் வழக்காடினாராம். கங்காணியார் கடைசிவரை ஒப்பவில்லை.