நீகானுக்குத் தெரியாத வழு

கப்பலைச் செலுத்துபவனுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. மாலுமி என்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. மீகாமன் என்பதை நிகண்டு படித்தவர் அறிவர். எனக்கு மிகவும் பிடித்தது நீகான் என்பது. அகநானூற்றின் 255ஆம் பாடலில், மாடத்தில் எரியும் விளக்கின் ஒளியைக் கொண்டு துறையறிந்து கலத்தைச் செலுத்துபவனாக அவன் வருகிறான். கிரேக்கர் இதே ஆளைக் 'குபெர்நெட்டீஸ்' என்றனர். அச்சொல் இலத்தீன் வழியாகத் திரிந்துதான் ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிறந்தது. 1948இல் நார்பர்ட் வீனர் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று தம் துறைக்குப் பெயரிட்டதும் அதே வேரிலிருந்துதான். 2014இல் கூகுள் நிறுவனத்தார் தாம் வெளியிட்ட மென்பொருள் ஒன்றுக்கு அந்தக் கிரேக்கப் பெயரையே அப்படியே சூட்டினார்கள். பெயர் நீளம் என்பதால் முதலெழுத்துக்கும் கடையெழுத்துக்கும் நடுவிலுள்ள எட்டு எழுத்துகளை எண்ணி 'கே8எஸ்' என்று சுருக்கியும் வழங்குகிறார்கள். நம் சித்திரகவிப் புலவர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் இது எதற்கு என்று அன்பர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள்க. இது ஆட்பெயர்களைப் பற்றிய இடுகை.

முதலில் அந்த நீகான் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று மென்பொருளை நேரே ஒரு வழங்கிக்கணினியில் நிறுவுவதில்லை. அதற்கு வேண்டிய கோப்புகள் அனைத்தையும் சேர்த்து ஒரு கொள்கலனில் அடைத்துவிடுகிறார்கள். அடைப்பதற்கான அச்சுக்குப் 'படிமம்' என்று பெயர். (புதுக்கவிதை வகுப்பில் நான் இருபதாண்டுகளாக விளக்கிவரும் சொல் அங்கே போய் இப்படி அமர்ந்துவிட்டது.) ஒரே படிமத்திலிருந்து பத்துக் கொள்கலன்கள் எழும்பும். எது எந்தக் கணினியில் ஓடவேண்டும், ஒன்று விழுந்தால் எதை எழுப்பவேண்டும் என்பவற்றை நீகான் பார்த்துக்கொள்கிறான். புதிய பதிப்பு வந்தால் எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தாமல், சிலவற்றை இறக்கிச் சிலவற்றை ஏற்றி மாற்றுகிறான். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஏழு. பராமரிப்புக்கென ஓர் அலகை நிறுத்துவார்கள், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும், ஊரில் விளக்கு எரியும்.

இவற்றையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. கணினி அறிவியல் படித்தவள். பகுதி ஒன்று தமிழுக்கு மட்டும் என் வகுப்பில் அமர்ந்தவள். தந்தை சுரங்கத்தில் பணிபுரிகிறார், வீடு எங்கள் வட்டத்துக்கு அடுத்த வட்டம். சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. கல்வி நிலையங்களுக்குச் சான்றிதழ் அச்சிட்டுத்தரும் மென்பொருளை அவர்கள் செய்கிறார்கள். அதுவரை ஆங்கிலத்தில் மட்டும் அச்சான பெயர்களைத் தமிழிலும் அச்சிடவேண்டும் என்ற மாற்றம் அவள் பொறுப்பில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, ஒரு சுட்டி அனுப்பியிருக்கேன். பத்து நிமிஷம் பார்த்துச் சொல்லுங்க. இன்னும் வெளியிடலை, நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்."

அந்தச் சுட்டிதான் முன்னோட்டம் என்பது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீகானிடம் ஒரு தனி எல்லை வகுத்து, அதற்குள் முழு மென்பொருளையும் ஒருமுறை ஓடவிடுகிறார்கள். பார்க்கவேண்டியவர் பார்த்தபின் அந்த எல்லையையே கலைத்துவிடுகிறார்கள். திருமணத்துக்கு முன்னாள் போட்டு மறுநாள் பிரிக்கும் பந்தல் போன்றது. நூலை அவையில் படித்துக்காட்டிக் குறை களைந்தபின் வெளியிடும் அரங்கேற்ற மரபு நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் கேட்டுத் தெளிந்த செய்தியைச் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. கேட்டவர் தமிழறிந்தவர் என்பதுதான் அங்கே முதன்மையான செய்தி.

சுட்டியைத் திறந்தேன். சான்றிதழ் வந்தது. முத்திரை, கையொப்பத்துக்கான கோடு, ஆங்கிலப் பெயர் எல்லாம் செம்மையாக இருந்தன. தமிழ்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. வெற்றுக் கட்டங்கள்.

காரணத்தை அவள் அரைமணியில் கண்டுபிடித்துவிட்டாள். கொள்கலனுக்குள் நாம் வைத்தது மட்டுமே இருக்கும். அவளுடைய மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு இருந்ததால் அங்கே பெயர் தெரிந்தது. படிமம் இலேசாக இருக்கட்டும் என்று மிக மெலிந்த ஒன்றைத் தேர்ந்திருந்தார்கள், அதில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. அதற்குள் புகுந்து பார்க்கக் கட்டளை இடும் வாயிலும் இல்லையாம். ஓடிக்கொண்டிருக்கும் கொள்கலனுக்கு அருகில், வேண்டிய கருவிகளுடன் தற்காலிகக் கொள்கலன் ஒன்றை இணைத்து உள்ளே எட்டிப்பார்க்கும் வசதி 2022இல் நிலைபெற்றது. அதைக்கொண்டு பார்த்தாள். எழுத்துருவைச் சேர்த்தபின் கட்டங்கள் மறைந்தன.

மறைந்தபின் வந்தது அதைவிடக் கொடியது. தேவகி 'தவேகி' ஆகியிருந்தாள். மேகலா 'மகேலா'.

இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு இது பழகிய நோய். திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு நாம் மாறிய காலத்தில், விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் திரையில் கண்டதும் இதுவே. ஒருங்குறியில் 'தே' என்பதைச் சேமிக்கும்போது தகரம் முன்னும் இரட்டைக்கொம்பு பின்னும் நிற்கும். எழுதிக்காட்டும் நிரல்தான் கொம்பைத் தூக்கித் தகரத்துக்கு இடப்புறம் வைக்கவேண்டும். அந்த அறிவு இல்லாத நிரல் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு அடுத்த எழுத்தான வகரத்தைப் பற்றிக்கொள்ளும். உலாவிகளும் இயங்குதளங்களும் இதை எப்போதோ கற்றுக்கொண்டன. சான்றிதழை அச்சுக்கோப்பாக மாற்றும் அந்தச் சிறுநிரல் கற்கவில்லை. இருபதாண்டுக்கு முன் திண்ணையைவிட்டு நாம் விரட்டிய பாம்பு கொல்லைப்புறமாக வந்துவிட்டது போலிருந்தது.

என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. ஞாயிறன்று அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது மடிக்கணினியைத் திறந்து நீகானின் நிலையறிக்கையைக் காட்டினாள். பச்சை நிறத்தில் 'ரன்னிங்' என்றிருந்தது. கட்டங்கள் இருந்த நாளிலும் அப்படித்தான், தவேகியின் நாளிலும் அப்படித்தான்.

"அப்படியானால் இவனுக்கு எதுதான் தவறாகத் தெரியும்?" என்று கேட்டேன்.

"விழுந்தாத்தான் தெரியும் ஐயா. எழும்பி எழும்பி விழுந்தா 'கிராஷ்லூப்பேக்ஆஃப்'னு காட்டும். முதல்ல பத்து விநாடி விட்டு எழுப்பும், அப்புறம் இருபது, நாற்பது, கடைசியில அஞ்சு நிமிஷம். அது வந்தா எனக்குக் கவலையே இல்லை. முந்தின கொள்கலன் விழறதுக்கு முன்னால என்ன எழுதிட்டுப் போச்சுன்னு பதிவைப் படிச்சா விடை கிடைச்சிடும். இது விழாதே!"

நீகான் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு கொள்கலனையும் 'நலமா' என்று கேட்கிறான். 'நலம்' என்று விடை வந்தால் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. கரையிலுள்ள விளக்கு எரிகிறதா என்று பார்க்கத்தான் அவனுக்குக் கண். கலத்துக்குள் இருக்கும் மிளகு பூஞ்சை பிடித்ததை அவன் அறியான். அறிவது அவன் தொழிலும் அன்று.

மென்பொருட் பிழைக்குத் தமிழ்க் கணிமையர் 'வழு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம் என்பது அன்றுதான் விளங்கியது. நன்னூல் சொல்லும் வழு ஏழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகியவற்றில் வருவன. இவற்றுள் முதலில் வருவனவற்றை விதி தெரிந்த எவரும் பிடித்துவிடலாம். 'அவன் வந்தாள்' என்பதை இயந்திரமும் பிடிக்கும். மரபு வழு அப்படியன்று. 'பூனைக்கன்று' என்று ஒருவன் எழுதினால் புணர்ச்சி சரி, வேற்றுமை சரி, எழுத்துப்பிழை இல்லை. வீட்டில் பூனை வளர்க்கும் பாட்டிதான் சிரிப்பாள். தவேகி என்ற சான்றிதழும் அவ்வகையே. அதைப் பார்த்துத் துணுக்குறுவதற்குத் தேவகி என்ற பெயரை வாய்விட்டு அழைத்த ஒருவர் வேண்டும்.

அதுவரை முன்னோட்டங்களைப் பார்த்தவர்களும் கண்ணுடையவர்கள்தாம். ஆனால் அவர்கள் பார்த்த பெயர்கள் 'டெஸ்ட் ஒன்று', 'ஏபிசி' என்பன. மாணவர்களின் உண்மைப் பெயர்களை முன்னோட்டத்தில் இடக்கூடாது என்பது அவர்கள் விதி. நல்ல விதி. அந்த விதியைக் காத்துக்கொண்டே தமிழைச் சோதிக்கவேண்டுமானால் புனைந்த தமிழ்ப்பெயர்கள் வேண்டும். "நீங்க எழுதித் தாங்களேன்" என்றாள்.

என் ஆசிரிய வாழ்வில் இத்தனை மகிழ்ச்சியோடு நான் எந்த வினாத்தாளும் குறித்ததில்லை. கொம்புக்குத் தேவகி, செல்வி, தையல்நாயகி. கொம்பும் காலும் சேரும் இடத்துக்குப் பொன்னி, கோதை. கிரந்தத்துக்கு ஷண்முகம், ராஜேஷ், லக்ஷ்மி. ஆய்தத்துக்கு ஃபாத்திமா. சிக்கலின் சிகரமாக ஞானசௌந்தரி. தமிழில் ஓரெழுத்துத் தலைப்பு மட்டும் கொண்டவர், தலைப்பே இல்லாதவர், தந்தை பெயருக்குப் பதில் தாய் பெயரின் தலைப்பெழுத்தை இடுபவர் என்று ஆட்களையும் வகைப்படுத்தினேன். இதில் விளையாட்டு ஒன்றுமில்லை. சான்றிதழில் ஓரெழுத்து மாறிவிட்டால் அதைத் திருத்த அலையும் பெற்றோரை ஆண்டுதோறும் கல்லூரி அலுவலக வாசலில் காண்கிறேன். பாதிப்பேர் அந்த நாட்கூலியை இழந்து வருபவர்கள்.

பட்டியல் இன்னொரு வழுவையும் வெளியே கொணர்ந்தது. பெயர்களை அகரவரிசைப்படுத்தியபோது அமுதா அம்பிகாவுக்கு முன்னும், வள்ளி வழுதிக்கு முன்னும் நின்றனர். நம் நெடுங்கணக்கில் மெய் முன், உயிர்மெய் பின். ஆகவே அம்பிகாவே முந்தவேண்டும். ழகரத்துக்குப் பின்னரே ளகரம். ஒருங்குறி எண்வரிசையிலோ புள்ளி எல்லாக் குறிகளுக்கும் பின்னே கிடக்கிறது, ளகரம் ழகரத்தை முந்துகிறது. மடிக்கணினியில் தமிழுக்கான வரிசை விதி இருந்தது, மெலிந்த படிமத்தில் அதுவும் இல்லை. வெறும் எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டது.

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் தமிழ்த் தளம் ஒன்றும் இதே நீகான் கையில்தான் இருக்கிறது. விக்கிமீடியா அறக்கட்டளை தன் தளங்களை அண்மை ஆண்டுகளில் படிப்படியாகக் குபெர்நெட்டீசுக்கு மாற்றியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், நாட்டுடைமை நூல்களை நான் அவ்வப்போது மெய்ப்புப் பார்க்கும் தமிழ் விக்கிமூலமும் அதில் அடக்கம். புதிய பதிப்பை வெளியிட அவர்கள் பல ஆண்டுகள் கடைப்பிடித்த ஒழுங்கு அழகானது. செவ்வாயன்று சோதனைத் தளங்களுக்கு. புதனன்று விக்சனரி, விக்கிமூலம் முதலியவற்றுக்கு. வியாழனன்றுதான் பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்கு. அதாவது தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், தமிழ் விக்கிப்பீடியா வாசகருக்கு ஒருநாள் முன்னதாகவே புதிய பதிப்பைப் பார்த்துவிடுவார். இதைத் தவிர, உலாவியில் ஒரு நீட்சியை நிறுவிக்கொண்டால் உங்கள் வேண்டுகோள் மட்டும் சோதனை வழங்கிக்குப் போகும். உலகம் பழைய பதிப்பைப் படித்துக்கொண்டிருக்க, மாற்றம் செய்தவர் புதியதைத் தம் கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றுமா என்பது வேறு கேள்வி. தோன்றாதவரை, விக்கிமூலத்தைத் திறக்கும் ஏதோ ஒரு தமிழாசிரியர்தான் நமக்கு அதங்கோட்டாசான்.

மாணவியின் கதைக்கு வருகிறேன். கொம்பு தன் இடத்துக்குத் திரும்பியது. எழுத்தைக் கோத்து வரையும் நிரலொன்றைச் சேர்த்தாள். அம்பிகா முன்னே வந்தாள். எஞ்சி நிற்பது தேடல். கௌரியைத் தேடினால் பாதிக் கௌரிகள் கிடைப்பதில்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியவர்கள் அவர்கள். ஔவையிலும் இதே கதை. ஒகரமும் ளகரமுமாக எழுதியவர் பலர். ஸ்ரீ இன்னும் மோசம். 2005இல் ஒருங்குறியில் ஶகரம் சேர்ந்தபின் அந்த ஓரெழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு.

அவற்றை ஒரே வடிவுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டாள். தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள், அச்சிடும்போது அவரவர் எழுதியபடியே விட்டுவிடு என்றேன். இலக்கணத்தில் இதற்கு வழுவமைதி என்று பெயர். "எங்க பட்டியல்ல 'தெரிந்த வழு, திருத்தப் போவதில்லை'ன்னு ஒரு பிரிவு இருக்கு ஐயா, அதில போட்டுடறேன்" என்றாள்.

பெயர்ப் பட்டியலில் இப்போது நாற்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பெயர்களும், கீழக்கரைப் பக்கத்து இசுலாமியப் பெயர்களும் குறைவு. தட்டெழுதும்போது உங்களுக்குத் தொல்லை தரும் பெயர் எதுவும் இருந்தால் எழுதுங்கள், அடுத்த முன்னோட்டத்தில் சேர்த்துவிடுவாள்.