மிஸ்ஸும் ஒரு தாயின் பிள்ளைதான்



சென்ற வருடம் உம்மாவை நெஞ்சு வருத்தத்துக்காக வாட்டில் சேர்த்தோம். எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமல்ல. அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸேறி சோற்றுப் பார்சலோடு போவேன். இரவில் உம்மாவோடு தங்குவேன்.

ஓரிரவு சேலைன் போத்தல் முடிந்து குழாயில் இரத்தம் ஏறத் தொடங்கிவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டும் மிஸ் வரவில்லை. வந்ததும், "சம்பளம் எடுக்கிறது தூங்கவா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை பதில் பேசவில்லை. குழாயைச் சரிசெய்து, உம்மாவின் போர்வையையும் இழுத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனது.

பிறகுதான் கட்டில்களை எண்ணினேன். நாற்பதுக்கு மேல், தரையில் பாயில் கிடந்தவர்கள் வேறு. அத்தனை பேருக்கும் அவளும், ஒரு பயிற்சித் தாதியும், ஒரு சிற்றூழியரும்தான். இரவுக் கடமை மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. அன்று பகலிலும் அவள் மேலதிக நேரம் வேலை செய்திருந்தாள் என்று சிற்றூழியப் பெண் சொன்னார். நான் வெட்கித்துப் போனேன்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் தாதியர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களின் சுமையும் இருப்பவர்களின் தோளில்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை மாறியபோது, அவர்கள் வீதிக்கு இறங்கியதையும் கண்டோம். உலகம் முழுவதும் 2023இல் 58 இலட்சம் தாதியர் குறைவு என்கிறது உலக சுகாதார அமைப்பு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என் மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். மூன்று வருடத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டாள். "இரவு வேலை நமக்குச் சரிவராது" என்று மறித்தவள் நான்தான். நம் பெண்களைப் பராமரிக்கப் பெண் தாதியே வேண்டும் என்கிறோம். நம் வீட்டிலிருந்து ஒருத்தியை அனுப்பத் தயங்குகிறோம். மற்றவள் பெற்ற பிள்ளை மட்டும் கண்விழிக்க வேண்டுமா? நபித்தோழியர் ருஃபைதா (ரழி) கூடாரமமைத்துக் காயம்பட்டோரைப் பராமரித்ததைப் பெருமையாகப் பேசுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

உம்மா சுகமாகி வீடு திரும்பிய நாளில் மன்னிப்புக் கேட்க அந்தப் பிள்ளையைத் தேடினேன். அன்று அவளுக்கு லீவு.

அடுத்த முறை வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது, மகளோடு நானும் உட்கார்ந்து அதை நிரப்புவேன், இன்ஷா அல்லாஹ். நீங்களும் வாட்டுக்குப் போனால், குரலை உயர்த்துமுன் ஒருதரம் கட்டில்களை எண்ணிப் பாருங்கள், சகோதரி.