மிளகாய் பிறந்த மண்

கெடாவில் முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மெக்ஸிகோ நகரில் பணிபுரியும் மகளைக் காணத் தம் துணைவியாருடன் சென்றிருந்தார். ஒரு வார இறுதியில் மகள் பெற்றோரைத் தெற்கே உள்ள வஹாகா நகருக்கு அழைத்துச் சென்றாள். அங்கே தங்கியது இரண்டே நாட்கள். ஆயினும், சந்தையில் கழிந்த ஒரு முற்பகல் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

அந்நகரின் நடுவே இரண்டு சந்தைகள் அருகருகே உள்ளன. ஒன்று பெனிட்டோ ஹுவாரெஸின் பெயரைத் தாங்கியது. 1806இல் மலைச் சிற்றூர் ஒன்றில், சாப்போட்டெக் பழங்குடியில் பிறந்து, நாட்டின் அதிபராக உயர்ந்தவர் அவர். மற்றொன்றின் பெயர் நவம்பர் 20. 1910இல் மூண்ட புரட்சியை நினைவூட்டும் நாள் அது.

உள்ளே நுழைந்ததும் ஆரவாரம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. உருண்டையாகச் சுற்றிய பாலாடைக்கட்டிகள் ஒரு புறம். பூண்டும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்து வறுத்த வெட்டுக்கிளிகள் மறுபுறம். அம்மையார் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். கடைக்காரப் பெண்ணோ ஒரு கரண்டியை நீட்டிச் சிரித்தாள். அப்பால், கரி அடுப்புகளில் இறைச்சி வாட்டும் நீண்ட சந்தில் புகை மண்டிக்கிடந்தது.

ஆசிரியரை நிறுத்தியது மிளகாய்க் கடை. கறுப்பு, சிவப்பு, பழுப்பு எனச் சாக்குச் சாக்காய் உலர்ந்த மிளகாய், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர்.

"நம் மிளகாய்க்குத் தம்பி போலிருக்கிறது" என்றார் அவர்.

"தம்பி இல்லை அப்பா, பாட்டன்" என்றாள் மகள்.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் பயிரானது மிளகாய். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அது கடல் கடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பல்களில் இந்தியா வந்து சேர்ந்தது. மகள் சொல்லச் சொல்ல, அவர் முகம் வாடியது. காரம் தமிழனின் தொன்மைச் சொத்து என்று எத்தனை வகுப்புகளில் முழங்கியிருப்பார்! சங்ககாலச் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால்தான் புதிதாய் வந்தது மிளகாய் ஆயிற்று. அச்சொல்லைக் கரும்பலகையில் எத்தனையோ முறை பிரித்து எழுதியவர் அவர். சான்று தம் கையெழுத்திலேயே இருந்தும் அதை அவர் படிக்கவில்லை.

அவருடைய பாட்டனார் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். 'வந்தவர்கள்' என்னும் சொல் காதில் விழும்போதெல்லாம் பேரனின் உள்ளம் குன்றியதுண்டு. மிளகாயை மட்டும் எவரும் 'நீ எப்போது வந்தாய்?' என்று கேட்டதில்லை. நாள்தோறும் உலையருகே நின்று உழைத்து, அது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

நண்பகலில், சந்தைக்குள்ளேயே இருந்த ஒரு சிறிய உணவுக்கடையில் அமர்ந்தார்கள். ஓரத்தில் முக்காலி போன்ற சாய்வான அரைகல் ஒன்று இருந்தது. அம்மையார் எழுந்துபோய் அதன் குழவியைத் தொட்டுப் பார்த்தார். "நம் அம்மிக்குக் கால் முளைத்தது போல் இருக்கிறதே!" என்றார். கடையை நடத்திய மூதாட்டி, கோழியின்மேல் 'மோலே' என்னும் கரிய குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். வறுத்த மிளகாய், எள், சாக்லேட், பட்டை, கிராம்பு என எத்தனையோ பொருள்கள் கூடிய குழம்பு அது. அம்மையார் நாவில் வைத்ததும், "கிராம்பு இருக்கிறது" என்றார். மலுக்குத் தீவுகளின் கிராம்பு இங்கே வந்து குடியேறியிருந்தது.

"உங்கள் நாட்டில் மிளகாய் உண்டா?" என்று மூதாட்டி கேட்க, மகள் மொழிபெயர்த்தாள்.

ஆசிரியர் சற்றுத் தயங்கினார். பிறகு, "உண்டு. உங்கள் நாடு கொடுத்ததுதான்" என்றார்.

மூதாட்டி மகிழ்ந்து, குவளைகளில் புளியைக் கரைத்துச் சர்க்கரை சேர்த்த பானம் கொண்டுவந்தாள். "இது எங்கள் புளி. இதையும் குடித்துப் பாருங்கள்" என்றாள். நம் பானகத்தின் சுவை! அம்மையாரின் உதடுகள் துடித்தன. ஆசிரியர் கண்ணால் அவரைத் தடுத்தார்.

வெளியே வந்ததும், "புளி நம் ஊரிலிருந்து வந்தது என்று ஏன் சொல்லவில்லை?" என்று அம்மையார் கேட்டார்.

"புளியும் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்கிறார்கள். ஸ்பானியர் ஆட்சியில் இங்கு வந்திருக்கிறது. இந்த மூதாட்டியின் பாட்டியும் அதைக் கரைத்திருப்பாள். முப்பது ஆண்டுகள் நான் மிளகாயை நமது என்றேன். அவள் புளியைத் தனது என்று சொல்லிக்கொள்ளட்டுமே!"

அம்மையார் பதில் கூறவில்லை. மிளகாய்க் கடைக்குத் திரும்பிப் போய், ஊருக்குக் கொண்டுசெல்லக் கால் கிலோ வாங்கினார்.