இடிந்தபடியே இருக்கட்டும்

ஜெர்மனியில் நெக்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. காடு மண்டிய மலைச்சரிவில் சிவப்பு மணற்கல்லில் நிற்கிறது ஹைடல்பெர்க் கோட்டை. மூச்சு வாங்க ஏறி, தோட்டத்துப் பக்கம் வருபவரைத் திகைக்க வைக்கிறது பிளந்துபோன ஒரு கோபுரம். சுவரின் கனம் ஆறு மீட்டருக்கும் மேல். 1693-ல் பிரெஞ்சுப் படை வெடி வைத்ததில் பெயர்ந்த துண்டு இன்னும் அகழியில் சாய்ந்து கிடக்கிறது.

1764-ல் மின்னல் தாக்கிக் கோட்டை எரிந்தது. பிறகு ஊர்க்காரர்களே வீடு கட்டக் கல் பெயர்த்துப் போனார்கள். அதைத் தடுக்கப் போராடியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். 1810-ல் வந்த கிராம்பெர்க் பிரபு, 1864-ல் இறக்கும்வரை இடிபாடுகளை வரைந்தார், காத்தார்.

1900-க்குள் ஒரு மாளிகை புதுப்பிக்கப்பட்டது. அடுத்ததையும் புதுப்பிக்கலாமா? கூடாது என்று 1901-ல் வாதாடினார் கலை வரலாற்றாசிரியர் கியோர்க் டேஹியோ. இருப்பதைக் காப்பது வேறு, இல்லாததைக் கற்பனை செய்து கட்டுவது வேறு என்பது அவர் கட்சி. அதுவே வென்றது.

இன்று அந்த மாளிகைக்குக் கூரை இல்லை. சிலைகள் வரிசையாக நிற்கும் முகப்பின் ஜன்னல்கள் வழியே வானம் தெரிகிறது. பயணிகள் அதிக நேரம் அண்ணாந்து நிற்பது அங்கேதான். கூரை போட்டிருந்தால் வெடி வைத்தவர்களின் குற்றமும் அதனடியில் மறைந்திருக்கும்.